ஊழலை ஒளிப்பேன்

என் மனைவியை ஊரில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டீச்சர்" என்றேன். "என்ன சந்தேகம்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அவள் வேலை பார்த்த பள்ளிக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. அவள் கேள்வித்தாள் எழுதுவாள், நான் நகல் எடுப்பேன். அதில் அவள் ஃபெயிலாக்கிய பிள்ளைகளின் மறுதேர்வு விண்ணப்பத்தையும் நான்தான் நகல் எடுப்பேன். இரண்டு பக்கமும் பிழைப்பு ஓடியது. அவள் ஓய்வு பெற்ற பிறகும் கடையும் பள்ளியும் அதே இடத்தில் இருந்தன. அவளும் அதே நேரத்துக்குக் கிளம்பி வந்து, கடையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எதிரே மணி சரியாக அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. பள்ளியை இடித்துவிட்டு அந்த இடத்தில் வணிக வளாகம் கட்டப் போகிறார்களாம். எங்கள் வார்டில் இருப்பதே அந்த ஒரு பள்ளி. அதை விட்டால் பிள்ளைகள் பெருஞ்சாலையைத் தாண்டி அடுத்த வார்டுக்குப் போக வேண்டும்.

டீச்சர் நேராகக் கவுன்சிலரிடம் போனாள். அவருக்கு ஊரில் தாரண்ணன் என்று பெயர். சாலை ஒப்பந்தம் எடுத்து முன்னுக்கு வந்தவர். அவர் போட்ட சாலைகள் அடுத்த தேர்தல்வரை இருக்காது, ஆனால் அவர் இருப்பார். சின்ன வயதில் டீச்சரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே போகிற லாரிகளை எண்ணியவர்.

"அதெல்லாம் வெறும் பேச்சு டீச்சர்," என்றார் தாரண்ணன். "நீங்க இவ்வலவு நால் ஒளச்சிட்டீங்க. நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

இங்கே தாரண்ணனின் நாக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது எந்த எழுத்தையும் ஒரு படி கீழே இறக்கித்தான் வெளியே விடும். ழ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ள வரும், ள வர வேண்டிய இடத்தில் ல வரும். ல மட்டும் தப்பித்தது, ஏனென்றால் அதற்குக் கீழே இறங்க இடமில்லை. ஐந்தாம் வகுப்பு முழுக்க டீச்சர் அவர் நாக்கோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் நாக்குதான் ஜெயித்தது.

அன்று டீச்சருக்குக் கோபம் வந்தது அதனால் அல்ல. 'ரெஸ்ட் எடுங்க' என்ற வார்த்தைதான் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாளே போய் வேட்புமனுவைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"தேர்தல்ங்கிறது வகுப்பு இல்ல," என்றேன். "அங்க தப்பாச் சொன்னாத்தான் கை தட்டுவாங்க."

"தட்டட்டுமே. மன்றத்துல எல்லாரும் தீர்மானத்தப் படிச்சுக்கூடப் பாக்காம கையத் தூக்குறாங்க. ஒரே ஒரு ஆள் படிச்சுட்டுத் தூக்கினாப் போதும், நம்ம பள்ளி தப்பிச்சிடும். அந்த ஒரு ஆளா நான் இருந்துட்டுப் போறேன்."

துண்டறிக்கை அடிக்க இயந்திரத்தைத் துடைத்து வைத்தேன்.

டீச்சர் வாக்குச் சேகரித்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெருமுனையில் அவள் தலை தெரிந்ததும் சலூனில் பாதி முகம் மழித்த ஆள் எழுந்து நிற்பார். பேரன் பேத்தி எடுத்தவர்கள் சிகரெட்டைப் பின்னால் மறைப்பார்கள். அவளும் வந்த வேலையை விட்டுவிட்டு, "ஏன் இளைச்சுப் போயிட்டே? பொண்ணு எந்த வகுப்பு? வாய்ப்பாடு தெரியுமா?" என்று விசாரிக்கத் தொடங்குவாள். அந்தப் பெண்ணும் வெளியே வந்து ஏழாம் வாய்ப்பாட்டில் திணறும். தாயும் தகப்பனும் தலைகுனிந்து நிற்பார்கள். இப்படியும் ஒரு வேட்பாளர் உண்டா? வீடு வீடாக அவமானப்படுத்திவிட்டு ஓட்டுக் கேட்டவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான்.

கூட்டங்களும் அப்படித்தான். சாக்கடை அடைப்பைப் பற்றி விளக்குவாள், பள்ளியைப் பற்றி விளக்குவாள், இடையில் நிறுத்திப் "புரிஞ்சுதா?" என்பாள். "புரிஞ்சுது டீச்சர்" என்று கூட்டம் ஒரே குரலில் ராகம் போடும். "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" ஒரு கை எழாது. எனக்கு ஒரே பூரிப்பு. டீச்சர்தான் வீட்டுக்கு வரும் வழியில், "யாருக்கும் புரியலைங்க. புரிஞ்சவன் சந்தேகம் கேப்பான்," என்றாள்.

"அதான் எல்லாரும் கண்டிப்பாப் போடுறோம்னு சொல்றாங்களே?"

"வீட்டுப்பாடம் எழுதிட்டு வரியான்னு கேட்டா இதே குரல்லதான் சொல்லுவாங்க."

ஆக, நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. அப்போதுதான் தாரண்ணனின் சுவரொட்டி வந்து எங்களுக்கு உயிர் கொடுத்தது.

தாரண்ணன் எழுதுகிறவர் அல்ல. போனை வாய்க்கு நேராகப் பிடித்துப் பேசுவார், போன் எழுதிக்கொள்ளும். எழுதியதை அவருடைய மச்சான் அச்சுக்கு அனுப்புவார். மச்சானும் டீச்சரின் மாணவர்தான், அதே பெஞ்ச், லாரி எண்ணுவதில் கூட்டாளி. தாரண்ணன் நெஞ்சு நிமிர்த்தி, ஊழலை அடியோடு ஒழித்துக்கட்டுவதாகப் போனிடம் சபதம் செய்திருக்கிறார். போன் பாவம், காதில் விழுந்ததை எழுதியது; ஊளல் என்று ஒரு சொல் இல்லாததால் அதை மட்டும் தானே ஊழலாக்கிக்கொண்டது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கு, தாரண்ணன் கைகூப்பிச் சிரிக்கும் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் நின்றது:

'ஊழலை ஒளிப்பேன்!'

ஊர் சிரித்தது பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! பேருந்துக்கு நின்றவர்கள் பேருந்தை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். "பரவாயில்ல, மனுஷன் உள்ளதச் சொல்றான்" என்றார் சலூன்காரர். "இத்தன நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தாருன்னும் போட்டிருக்கலாம்" என்றாள் எங்கள் கடைக்குப் பக்கத்தில் தையல் மெஷின் போட்டிருக்கும் பெண். தவளை தன் வாயால் கெடும் என்பது இதுதான். தாரண்ணனுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்களைப் பார்த்து, "ஒளிக்க வந்தீங்களா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். நான் கடையில் உட்கார்ந்தபடியே டீச்சரை மன்றத்தில் உட்கார வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பிரச்சாரத்துக்குக் கிளம்பினோம். பேருந்து நிறுத்தத்தில் நல்ல கூட்டம். டீச்சர் அந்தச் சுவரொட்டியை அதுவரை பார்க்கவில்லை. பார்த்ததும் நின்றாள். நான் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் முகம் சுருங்கியது. காலில் முள் தைத்தால் அப்படித்தான் சுருங்கும். கைப்பையைத் திறந்தாள்.

"டீச்சர், வேண்டாம்!" என்று நான் கத்துவதற்குள் சிவப்பு மார்க்கர் வெளியே வந்துவிட்டது. ள-வை அடித்தாள். மேலே அழகாக ஒரு ழ எழுதினாள். அதோடாவது விட்டாளா? திருத்திய பின் பக்கத்தில் ஒரு சரி போட்டுக் கையெழுத்தும் வைப்பது அவள் பணிக்காலம் முழுக்க இருந்த பழக்கம். சரி போட்டாள். கையெழுத்தும் வைத்தாள். ஒரு அடி பின்னால் நகர்ந்து பார்த்துவிட்டு மூடியைப் போட்டாள்.

எதிர்க் கடையில் நின்ற தாரண்ணனின் மச்சான் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்கப் புதுச் சுவரொட்டி. அதே தாரண்ணன், அதே சிரிப்பு. 'ஊழலை ஒழிப்பேன்' என்ற வரிக்குப் பக்கத்தில் பெரிதாகச் சிவப்பில் ஒரு சரி, அதன் கீழே என் மனைவியின் கையெழுத்து. மேலே ஒரு வரி: 'டீச்சரே சரி போட்டுட்டாங்க!'

நான் வீட்டில் எகிறிக் குதித்தேன். "சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டியே! அது உன் கண்ண உறுத்திச்சா?"

"பிழை எதிர்ல நிக்குது. எப்படிங்க பாத்துட்டுச் சும்மா போறது?"

"அது பிழையே இல்ல. அந்த ஆள் வாழ்க்கையில சொன்ன ஒரே உண்மை அதுதான். நீ திருத்திப் பொய்யாக்கிட்டு வந்திருக்கே!"

"உண்மையா இருந்தாலும் எழுத்துப்பிழை எழுத்துப்பிழைதாங்க," என்றாள். குரல் உள்ளே போயிருந்தது.

தோற்றாள். நல்ல வித்தியாசத்தில் தோற்றாள். போடுகிறோம் என்று சொன்னவர்கள் பிறகு சொன்ன காரணங்களைக் கேட்க வேண்டுமே! ஒருவருக்கு அன்று காய்ச்சல். ஒருவருக்கு ஊரில் சொந்தக்காரர் தவறிவிட்டார். ஒரு பெரிய மனிதர், "போடணும்னுதான் டீச்சர் போனேன், மறந்து வேற சின்னத்துல அழுத்திட்டேன்," என்றார். எல்லாம் அவள் கேட்டுக் கேட்டுச் சலித்த காரணங்கள். நாய் நோட்டைக் கிழித்துவிட்டது என்று மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.

ஜெயித்த கையோடு தாரண்ணன் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தார், கூடவே மச்சானும் போனும். "டீச்சர், உங்க ஒரு சரிதான் என்னக் காப்பாத்திச்சு. இனிமே நம்ம வார்டு விசயம் எதுவா இருந்தாலும் உங்க கண்ணுல பட்டுட்டுத்தான் வெலிய போகணும். நீங்கதான் மொளி ஆலோசகர்!"

"மொழி," என்றாள் டீச்சர்.

"அதத்தான் சொல்றேன்."

சம்பளம் இல்லாத பதவி. தோற்றவளுக்குப் பூங்கொத்து, ஜெயித்தவனுக்கு இலவச வாத்தியார். நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், காலை மிதிக்கக்கூடப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொண்டாள். வார்டு முழுக்கத் 'தெருவிலக்கு' என்று பலகை வைத்திருந்தார்கள், தெருவையே விலக்கிவிட்டது போல. அது அவளைத் தூங்கவிடவில்லையாம். அன்றுமுதல் எல்லாக் காகிதமும் அவளிடம் வந்தது. அவள் திருத்தி, சரி போட்டு, கையெழுத்து வைத்து அனுப்புவாள். மச்சான் அதை அப்படியே அச்சடிப்பார். எங்கள் வார்டின் சாக்கடை அப்படியேதான் இருந்தது, ஆனால் அதைப் பற்றிய அறிவிப்பில் ஒற்றுப்பிழை இருக்காது.

ஒரு நாள் காலை மச்சான் அவசரமாக ஒரு தாளை என் கடையில் வைத்தார். "மதியம் மன்றக் கூட்டம் டீச்சர். சட்டுனு பாத்துக் குடுத்துடுங்க," என்று சொல்லி, போனில் பேசிக்கொண்டே வெளியே நின்றார். டீச்சர் படித்தாள். நான் அவள் தோளுக்கு மேலாகப் படித்தேன்.

'நமது வார்டில் பயன்பாடின்றிக் கிடக்கும் பழைய பல்லியை இடித்து அகற்றி அவ்விடத்தில் வணிக வளாகம் கட்ட இம்மன்றம் ஒப்புதல் அளிக்கிறது.'

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் எந்தப் பல்லி என்று உறைத்தது. எதிரே வகுப்பில் பிள்ளைகள் ஏதோ பாட்டைக் கத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். பயன்பாடின்றி!

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'வார்டில்' என்பதற்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டாள், தேவையில்லை என்று அவளே அதை அடித்தாள். 'அகற்றி'க்குப் பின் காற்புள்ளி வைத்தாள். பேனா திரும்பி வந்து 'பல்லி'க்கு மேலே நின்றது. சுவரொட்டி முன்னால் சுருங்கிய அதே முகம், அதைவிட மோசமாகச் சுருங்கியது.

நான் வாயைத் திறந்தேன்.

"காபி ஆறுது, குடிங்க," என்றாள்.

ஓரத்தில் ஒரு சரி போட்டாள். கீழே, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தாள். "அப்படியே குடுத்துடுப்பா," என்று தாளை மச்சானிடம் நீட்டினாள்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒரு கைகூடக் கீழே இருக்கவில்லையாம். பழைய பல்லியை இடித்து அகற்ற மொத்த மன்றமும் ஒப்புதல் அளித்து, மேலிட அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தது.

மேலிட அலுவலகத்தில் சிரிக்கத் தெரிந்தவர்கள் யாரும் வேலையில் இல்லை போலிருக்கிறது. அவர்கள் அதை முறைப்படி பரிசீலித்து, முறைப்படி திருப்பி அனுப்பினார்கள்: 'தீர்மானத்தில் குறிப்பிட்டுள்ள பல்லியின் பரப்பளவு, கட்டப்பட்ட ஆண்டு, தற்போதைய உரிமையாளர் ஆகிய விவரங்கள் இணைக்கப்படவில்லை. மேலும், பல்லியை இடிக்கும் அதிகாரம் இவ்வலுவலகத்திற்கு உண்டா என்பது குறித்துச் சட்டப் பிரிவின் கருத்து கோரப்பட்டுள்ளது.'

இந்தப் பதில் எப்படியோ செய்தித்தாளுக்குப் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முதல் நாள் எல்லோரும் பல்லியை நினைத்துச் சிரித்தார்கள். இரண்டாம் நாள் தையல்காரப் பெண்தான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஆமா, இது எந்தப் பல்லி?" சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "என் பொண்ணு உள்ள உக்காந்து படிக்குது, பயன்பாடில்லையா?" என்று எழுந்து போனாள். தெருவில் நோட்டீஸ் கொடுத்தபோதும் கூட்டம் போட்டபோதும் புரிந்தது டீச்சர் என்று ராகம் போட்டவர்களுக்கு அன்றைக்குத்தான் நிஜமாகப் புரிந்தது.

பள்ளி வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தாரண்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். டீச்சரும் நானும் கடையிலிருந்து இறங்கிப் போனோம்.

"பல்லிய இடிக்கப் போறீங்களாமே?" என்று கேட்டாள் தையல்காரப் பெண்.

"யாரு சொன்னா? பல்லிய எவனும் தொடமாட்டான்!" என்றார் தாரண்ணன்.

"எந்தப் பல்லிய?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இந்தப் பல்லியத்தான்!" என்று அவர் பள்ளியைக் காட்டினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மச்சான் போனில் எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது, பழக்க தோசம். தாரண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. இனி அந்தத் தீர்மானத்தைத் திருத்தி மறுபடி மன்றத்துக்குக் கொண்டுபோக, அவருக்கென்ன, அவர் நாக்குக்குக்கூடத் துணிவு வராது. ஆனால் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாமல் எழுந்திருக்கத் தெரிந்தவர்தான் அரசியல்வாதி. சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டார்.

"நான் சரியாத்தான் சொன்னேன். பாத்துக் கையெழுத்துப் போட்டது நம்ம டீச்சர். வயசாயிடுச்சு, என்ன செய்ய? அவங்கலக் குறை சொல்லாதீங்க. மனுசங்கதானே."

எல்லோரும் டீச்சர் பக்கம் திரும்பினார்கள். தையல்காரப் பெண் அருகே வந்தாள். அவளும் டீச்சரிடம் படித்தவள், 'பள்ளி'க்கு எந்த ள என்று பலகையில் நூறு தடவை எழுதியவள்.

"டீச்சர், நீங்ககூடவா பாக்கல?"

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. பரிதாபமாகக் கேட்டாள். எனக்கு நெஞ்சு கொதித்தது. அவள் பார்த்தாளம்மா, உங்கள் எல்லோருக்கும் முன்னால் பார்த்தாள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடைசி பெஞ்சையே அடக்கிய பார்வை அது. வேண்டுமென்றே விட்டாள் என்று தெரிந்தால், தாரண்ணன் நாளைக்கே சூழ்ச்சி என்று மேடை போடுவார், பேச்சு பள்ளியை விட்டு அவளைச் சுற்றத் தொடங்கிவிடும். எனக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"பாக்கலம்மா," என்றாள். "கண்ணு முன்ன மாதிரி இல்ல. ல-வும் ள-வும் ஒண்ணாத்தான் தெரியுது."

வாழ்நாளில் அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தையல்காரப் பெண் அவள் கையைப் பிடித்து, "பாத்து வாங்க டீச்சர், படி இருக்கு," என்று சாலையைத் தாண்டி அழைத்து வந்து கடையில் உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

கூட்டம் கலைந்தது. டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மன்றத் தீர்மானத்தயெல்லாம் பத்திரமா வெச்சிருப்பாங்க இல்லங்க?" என்றாள்.

"ஆமா. அதத் தூக்கிப் போட மாட்டாங்க."

"நாமெல்லாம் போனதுக்கப்புறம் யாராவது எடுத்துப் பாத்தா, அந்தப் பல்லிக்குக் கீழ என் கையெழுத்துத்தான் இருக்கும்."

நான் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினேன்.

"இருக்கட்டும்," என்றாள். சொன்ன பிறகுதான் அழுதாள்.